யூதர் வாழ்வில் உணவும் நன்றியறிதலும்

வன்னி நிலத்திலே காலபோக நெல் விளைந்ததும் உழவர் அதனை உடனே உண்ணத் தொடங்குவதில்லை. புதுக்கதிர் கொய்து, புதிர் எடுத்து, இறைவனுக்குப் படைத்த பின்னரே சுற்றத்துடன் உண்பது வழக்கம். இவ்வழக்கினை அறிந்தோர்க்கு, உணவு குறித்து யூத சமயம் வகுத்துள்ள ஒழுங்கு அயலானதாகத் தோன்றாது.

பண்டைய இஸ்ரவேலரும் நிலத்தின் முதற்பலனைக் கூடையில் வைத்து எருசலேம் ஆலயத்திற்குக் கொண்டு சென்றனர். கி. பி. 70இல் உரோமர் அவ்வாலயத்தை அழித்தனர். அதன்பின் உண்ணும் மேசையே பலிபீடத்திற்கு ஒப்பாகக் கருதப்படலாயிற்று. பலிப்பொருளுக்கு உப்பு இட்ட பண்டை முறையை நினைந்து, இன்றும் யூதர் அப்பத்தை உப்பில் தொட்டு உண்பர்.

அப்பத்திற்கும், மரத்துக் கனிக்கும், நிலத்து விளைவிற்கும் உண்ணுமுன் வெவ்வேறு துதிகள் உள. ஆயினும் அவர்தம் வேதம் வெளிப்படையாக விதிப்பது உண்டபின் கூறும் நன்றியையே ஆகும். உண்டு நிறைவெய்தியபின் இறைவனைத் துதித்தல் வேண்டும் என்பது உபாகமம் எட்டாம் அதிகாரத்தின் கட்டளை. இதன் காரணம் யாது? பசித்தவனுக்குச் சோற்றின் அருமையை எவரும் உணர்த்த வேண்டியதில்லை. வயிறு நிறைந்தவனே எல்லாம் தன் ஆற்றலால் வந்தன எனச் செருக்குறுவான். அச்செருக்கினை அவ்வதிகாரமே எடுத்துக் கூறி எச்சரிக்கின்றது.

இந்நன்றி சொல்லளவில் நின்றுவிடுவதில்லை. அறுவடையின்போது வயலின் ஓரங்களை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவிடுதல் வேண்டும் என்பதும் அவர் சட்டம். பஸ்காப் பண்டிகை இரவிலே, மா புளிக்கவும் பொழுதின்றி எகிப்தைவிட்டு வெளியேறியதை நினைந்து புளிப்பில்லாத அப்பத்தையும், அடிமை வாழ்வின் துயரை நினைந்து கசப்புக் கீரையையும் உண்பர். பசித்தோரை அவ்விருந்திற்கு அழைத்தலும் மரபு.

வன்னி மக்களுக்கும் அத்தகைய உணவு ஒன்று உண்டு. 2009இல் போரின் இறுதி நாள்களில் முள்ளிவாய்க்காலிலே அரிசியும் நீரும் உப்பும் கொண்டு காய்ச்சிய கஞ்சியே பலரின் உயிரைத் தாங்கிற்று. அந்நினைவாக மே மாதத்திலே கஞ்சி காய்ச்சி வருவோர்க்கெல்லாம் வழங்குகின்றனர். இரு மக்களின் வரலாறும் வெவ்வேறு. எனினும் நிறைந்த காலத்திலும் பசியை நினைப்பவனே நன்றி மறவாதவன் என்பதை அப்பமும் கஞ்சியும் ஒருங்கே உணர்த்துகின்றன. அவ்வாறு நினைப்பவன் தன் கலத்தோடு பிறர் கலத்தையும் நோக்குவான்.