நூல் கேட்காத மணிகள்

ஜொகூர் பாருவில் உள்ள அருள்மிகு இராஜகாளியம்மன் கோயிலுக்குள் நுழைகிறவர்கள் பெரும்பாலும் அண்ணாந்தபடியேதான் நடப்பார்கள். 1922-இல் ஒரு குடிலாகத் தொடங்கிய கோயில் அது. சுவர், தூண், விதானம் என்று பார்க்கும் இடமெல்லாம் கண்ணாடிச் சில்லு பதித்து 2009-இல் திறந்தார்கள். மறு ஆண்டே நாட்டின் முதல் கண்ணாடிக் கோயில் என்று மலேசிய சாதனைப் புத்தகத்தில் ஏறியது. கையால் ஒட்டிய சில்லுகள் எல்லாம் ஒரே மட்டத்தில் உட்காராது. சில்லு ஒரு பாகை சாய்ந்தால் அதிலிருந்து தெறிக்கும் ஒளி இரண்டு பாகை திரும்பும். நாம் ஓர் அடி நகர்ந்தாலே சுவர் முழுக்க மினுக்கம் இடம் மாறுவது இந்தச் சின்னக் கோணல்களால்தான். இயந்திரம் ஒரே மட்டமாக ஒட்டியிருந்தால் அது வெறும் கண்ணாடிச் சுவராகத்தான் இருந்திருக்கும்.

எனக்கு அங்கே பிடித்தது மினுக்காத சுவர். ஆத்மலிங்க சன்னிதியில் நேப்பாளத்திலிருந்து வரவழைத்த ஏறத்தாழ 3 இலட்சம் உருத்திராட்ச மணிகளை ஒவ்வொன்றாகப் பதித்திருக்கிறார்கள். உருத்திராட்சக் கொட்டையின் நடுவே பிறவியிலேயே ஒரு துளை உண்டு. நூல் போவதற்கென்றே அமைந்த வழி. (பழமாக மரத்தில் இருக்கும்போது அது பளீர் நீலம். அந்த நீலத்தில் சாயமே கிடையாது; தோலிலுள்ள நுண்ணடுக்குகள் ஒளியைத் திருப்பிவிடுவதால் வரும் நிறம். அது தனிக் கதை.) மணி என்றாலே கோப்பது என்று நம் கை பழகிவிட்டது. தாலியில் கருகமணி, குழந்தை இடுப்பில் பாசி, பக்கத்து மலாக்காவில் ந்யோன்யா பெண்களின் மணிச்செருப்பு என்று எதை எடுத்தாலும் ஒவ்வொரு மணிக்குள்ளும் நூல் நுழைந்து வந்திருக்கும். துளை இருந்தும் நூலை விட்டுவிட்டு மணியை ஒரு பரப்பில் பதிக்கும் வேலை வேறு வகை. அதை ஒரு முழுக் கலையாகவே வளர்த்தவர்கள் பசிபிக்குக்கு அந்தப் பக்கம், மெக்சிகோவில் இருக்கிறார்கள்.

அங்கே மேற்கு சியெரா மாட்ரே மலைகளில், ஹலிஸ்கோ, நயாரித் முதலிய மாநிலங்களில் வாழும் உவிச்சோல் மக்கள் தங்களை விர்ராரிக்கா என்று சொல்லிக்கொள்கிறார்கள். தெய்வங்களுக்குப் படைக்கும் சுரைக்குடுக்கைக் கிண்ணங்களின் உட்புறத்தில் மெழுகு பூசி, அதில் மணி பதிப்பது அவர்களுடைய பழைய வழக்கம். மான், மக்காச்சோளம், பெயோட்டே என்னும் கள்ளி, தேள், கழுகு எல்லாம் அந்தக் கிண்ணத்துக்குள் வந்து உட்காரும். நகரத்துக் கடைகளில் இன்று நாம் பார்க்கும் சிறுத்தைத் தலைகளும் மான் தலைகளும் விற்பனைக்காகப் பின்னால் வளர்ந்தவை. கிண்ணம்தான் மூலம்.

வேலையைக் கிட்டத்திலிருந்து பார்த்தால், அதன் சூட்சுமம் மணி படுக்கும் விதத்தில் இருக்கிறது. தேன்மெழுகில் கொஞ்சம் பைன் மரப் பிசின் கலந்து, வெயிலில் இளக்கி, விரலால் மெல்லிய படலமாகத் தேய்க்கிறார்கள். ஊசி முனையை மணியின் துளைக்குள் விட்டு ஒன்றை எடுத்து மெழுகில் வைத்து அழுத்துகிறார்கள். துளை மேலே பார்த்தபடி மணி படுக்கிறது. பொதுவாகப் பயன்படும் 11-ஆம் எண் மணியின் குறுக்களவு சுமார் 2 மில்லிமீட்டர் (எண் கூடக் கூட மணி சிறுத்துக்கொண்டே போகும்). அழுத்தும்போது மெழுகு பக்கவாட்டில் விலகி, மணிகளுக்கு இடையிலும் துளைக்குள்ளும் கொஞ்சம் எழும்பி நிற்கும். கண்ணாடியோடு மெழுகுக்கு அப்படி ஒன்றும் பெரிய ஒட்டுறவு கிடையாது. கண்ணாடியின் மேற்பரப்பு நீரை விரும்புவது; மெழுகு நீரைக் கண்டால் விலகுவது. ஆகவே மணி நிற்பதற்குப் பாதிக் காரணம் பிசின். மீதிப் பாதி, உள்ளே எழும்பி முளையடித்த அந்த மெழுகுக் கொழுந்து. நூலுக்காகப் பிறந்த துளை இங்கே ஆணிக்கு இடம் கொடுக்கிறது. படலம் தடித்தால் மணி முங்கிப்போகும்; மெலிந்தால் உதிரும். மணி உயரத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக மெழுகு இருப்பது கைக்கு வசதி.

தேன்மெழுகு இந்த வேலைக்கு ஏன் இவ்வளவு இசைகிறது? பனிக்கட்டி 0 பாகையில் திடீரென்று நீராவதுபோல மெழுகு உருகுவதில்லை. அது ஒற்றைப் பொருளே அல்ல; நீண்ட சங்கிலிகளாக அமைந்த எஸ்டர்கள், அமிலங்கள், ஹைட்ரோகார்பன்கள் என்று நூற்றுக்கணக்கான சேர்மங்களின் கூட்டு. ஒவ்வொன்றும் தன் வெப்பத்தில் தளர்வதால், முழுதாக உருகுவதற்கு 62 முதல் 64 பாகை செல்சியஸ் வேண்டியிருந்தாலும், உள்ளங்கைச் சூட்டிலேயே குழைய ஆரம்பித்துவிடுகிறது. குழைவதற்கும் ஓடுவதற்கும் நடுவே கிட்டத்தட்ட 30 பாகை அவகாசம் இருக்கிறது. கைவினைக்காரர் பிழைப்பதே அந்த அவகாசத்தில்தான்.

பதித்த மணிகள் தாமாகவே ஓர் ஒழுங்குக்கு வரும். வட்டங்களைச் சதுர வரிசையில் அடுக்கினால் பரப்பில் 78.5 சதவீதம் நிரம்பும். ஒரு வரிசையின் இடுக்கில் அடுத்த வரிசையை அமர்த்தினால் ஒவ்வொரு மணியையும் ஆறு மணிகள் சூழும், 90.7 சதவீதம் நிரம்பும். சமதளத்தில் இதைவிட நெருக்கமாக ஒரே அளவு வட்டங்களை அடுக்கவே முடியாது என்பது நிரூபணமான கணக்கு. மெழுகைத் தந்த தேனீ கூடு கட்டுவதும் இதே அறுகோணத்தில்தான். பத்துக்குப் பத்து சென்டிமீட்டர் பலகைக்கு 2,500 மணிக்கு மேல் பிடிக்கும்.

பலகையில் இப்படி, கிண்ணத்தில் வளைவு வந்துவிடுகிறது. எல்லா மணிக்கும் ஆறு அண்டை என்ற ஒழுங்கை ஒரு கோளத்தின் மேல் எவராலும் முடிக்க முடியாது. 18-ஆம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் கண்ட சூத்திரத்தின்படி, எங்கெங்கோ குறைந்தது 12 இடங்களில் ஐந்து அண்டைதான் அமையும். தோலால் தைத்த பழைய கால்பந்தில் வெள்ளை அறுகோணங்களுக்கு நடுவே 12 கறுப்பு ஐங்கோணங்கள் இருந்தது அழகுக்காக மட்டுமல்ல. கிண்ணம் பாதிக் கோளமென்றால் இந்தப் பிசகுகளும் ஏறத்தாழப் பாதி. மலைக் கிராமத்தில் கிண்ணம் பதிக்கிறவருக்கு ஆய்லர் தேவையில்லை. நடுவில் ஒரு பூவைத் தொடங்கி, இதழ் இதழாக விளிம்பை நோக்கிப் போகிறார். ஒரு நிறம் முடிந்து அடுத்த நிறம் தொடங்கும் கோட்டில் வரிசை முறிந்தால் யாருக்கும் தெரியாது. வடிவம் கோணலை மறைக்கிறது. மனிதக் கையின் இந்தச் சாமர்த்தியத்தை நான் சூத்திரத்துக்கு ஒரு படி மேலே வைப்பேன்.

சரி, 2 மில்லிமீட்டர் கண்ணாடியில் துளையைப் போட்டது யார்? ஒருவரும் போடவில்லை. அதைப் புரிந்துகொள்ள மெக்சிகோவை விட்டு நம் பக்கம் வர வேண்டும். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 2,000 ஆண்டுகளுக்கு முன்பே செய்த வித்தை அது. ஆந்திரத்தில் காளத்திக்குப் பக்கத்திலுள்ள பாப்பநாயுடுபேட்டையில் நம் காலம் வரை உயிரோடிருக்கிறது. நீண்ட இரும்புக் குழாயின் நுனியில், உருகிய கண்ணாடியைப் பெருங்கட்டியாகத் திரட்டிக் கூம்பாக உருட்டுகிறார்கள். ஒரு கம்பியைச் செலுத்தி நடுவே குடைந்து காற்றுக்கு வழி செய்கிறார்கள். கட்டியை உலைக்குள் வைக்க, உலையின் மறுபுறம் நிற்கும் தலைமைக் கைவினைஞர் கூம்பின் நுனியைக் கொக்கியால் பற்றி இழுக்கத் தொடங்குகிறார். கண்ணாடி தேன்பாகாக நீள்கிறது; உள்ளே இருக்கும் காற்றறையும் கூடவே நீள்கிறது. இழுக்க இழுக்க, வெளிச் சுற்றும் உட்துளையும் ஒரே விகிதத்தில்தான் ஒடுங்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 சென்டிமீட்டர் தடிமனும் நடுவில் 2 சென்டிமீட்டர் குழியும் உள்ள இடத்திலிருந்து 2 மில்லிமீட்டர் குழல் இழுத்தால், துளை தானாகவே 0.8 மில்லிமீட்டருக்கு வந்துவிடும். குறுக்களவு 25-இல் ஒரு பங்கானால் நீளம் 625 மடங்கு. அதாவது கட்டியின் ஒரு சென்டிமீட்டர் ஆறேகால் மீட்டர் குழலாகிறது. அதை நறுக்கினால் 4,000 மணிக்கு மேல் தேறும். இன்று கடலுக்கடியில் இணையத்தைச் சுமக்கும் ஒளியிழையையும் இதே தத்துவத்தில்தான் இழுக்கிறார்கள்: தடித்த கண்ணாடித் தண்டில் உள்ளதை உள்ளபடியே, மயிரிழை அளவுக்கு.

நறுக்கிய துண்டுகளின் விளிம்பு விரலைக் கீறும். அவற்றைச் சாம்பலோடு கலந்து துளைகளில் சாம்பல் அடைய விட்டு, சட்டியில் இட்டுச் சூடேற்றிக் கிளறுவார்கள். இளகிய கண்ணாடி தன் பரப்பைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கும். விளிம்பு மழுங்கி மணி உருளும். சாம்பல் இல்லாவிட்டால் அதே விசை துளையையும் மூடிவிடும், மணிகளையும் ஒன்றோடொன்று ஒட்டிவிடும். சிவப்பு மணியின் நிறம் செம்பு தந்தது. உலைக்குள் காற்று குறைவாக இருந்தால்தான் செம்பு சிவக்கும். காற்று கூடினால் அதே செம்பு நீலப்பச்சையாகிவிடும். புகையின் அளவே வண்ணத்தைத் தீர்மானிக்கிறது.

இந்த மணிகள் கப்பலேறி கிழக்கே வந்தன. மணிகள் மட்டுமல்ல, செய்முறையும் வந்தது. பேராக்கின் கோலா செலின்சிங்கிலும் கெடாவின் சுங்கை மாஸிலும் இதே முறையில் மணி செய்த தடயங்கள் கிடைத்திருக்கின்றன. இந்தோ-பசிபிக் மணிகள் என்று இவற்றுக்குப் பெயர் சூட்டியவர் அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ். ஜொகூரும் இந்தக் கதையில் உண்டு. போர்த்துகீசியர் 1587-இல் அழித்த தலைநகரம் ஜொகூர் லாமா. அது இருந்த ஜொகூர் ஆற்றின் கரைகளில் 1930-களில் மண்ணைக் கிளறி மணி பொறுக்கியவர், ஜொகூர் சுங்க இலாகாவில் வேலை பார்த்த கெரால்டு கார்ட்னர். கெரிஸ் என்னும் மலாய்க் குறுவாள் பற்றி 1936-இல் புத்தகம் எழுதிய அதே மனிதர். மணிகளை அந்நாளின் பெரிய மணி நிபுணரான ஹொரேஸ் பெக்கிடம் காட்டி, 1937-இல் அரச ஆசியக் கழக இதழில் கட்டுரை எழுதினார். பழங்காலத்தில் மலாயாவுக்கும் ரோமப் பேரரசுக்கும் கடல்வழித் தொடர்பு இருந்ததற்கு ஜொகூர் ஆற்று மணிகளே சான்று என்பது அவர் வாதம். ஓய்வுக்குப் பின் இங்கிலாந்து திரும்பி விக்கா என்ற நவீன சூனியச் சமயத்தைத் தோற்றுவித்தவரும் இவர்தான் என்பதால், அந்தப் பெயரைக் கேட்டாலே சிலருக்குச் சிரிப்பு வரும். சிரிக்க வேண்டியதில்லை. ஆற்றுச் சேற்றில் கிடந்த பொடி மணியைப் பொருட்படுத்திக் குனிந்து எடுத்தது பெரிய காரியம்.

ஆனால் மணியின் தோற்றத்தை வைத்து ஊரையும் காலத்தையும் சொல்வது வழுக்குகிற வேலை. 2,000 ஆண்டு இடைவெளியில் செய்த இரண்டு சிவப்பு மணிகள் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தால் கண்ணுக்கு அக்கா தங்கைதான். இன்று லேசர் ஒளியால் மணியில் முடியளவு குழி பறித்து, கிளம்பும் ஆவியின் தனிமங்களை எண்ணுகிறார்கள். ரோமக் கண்ணாடியில் அலுமினா 2, 3 சதவீதம்தான். தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ளூர் மணலை உருக்கிச் செய்த கண்ணாடியில் 5 சதவீதத்தைத் தாண்டிவிடும். எந்தப் பக்கத்து மணல் என்பதை மணியே சொல்லிவிடுகிறது.

மெக்சிகோவுக்குக் கண்ணாடி மணி போனது வேறு வழியில். அதற்கு முன்பு அங்கே விதை, சிப்பி, எலும்பு, சுட்ட மண் போன்றவற்றால்தான் மணி. ஸ்பானியர் கொண்டுவந்த ஐரோப்பியக் கண்ணாடி மணி அவற்றின் இடத்தைப் பிடித்தது. இப்போது செக் நாட்டு மணியும் ஜப்பானிய மணியும் போகின்றன. 2010-இல் விர்ராரிக்காக்களின் இரண்டு குடும்பங்களைச் சேர்ந்த எட்டுப் பேர் ஒரு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட மணிகளால் மூடினார்கள். மெக்சிகோ நகரின் மக்கள் கலை அருங்காட்சியகம் முன்னின்று செய்த வேலை. அதில் மெழுகைக் கைவிட்டுச் செயற்கைப் பிசினுக்குப் போனார்கள். வெயிலில் நிற்கும் இரும்புத் தகட்டில் தேன்மெழுகு நிலைக்காது என்பதுதான் விஷயம்.

ஜொகூரில் இருந்துகொண்டு இதைக் கற்க நினைப்பவருக்கும் முதல் எதிரி அந்த வெயில்தான். பகலில் 32, 33 பாகை என்பது தனித் தேன்மெழுகு குழையத் தொடங்கும் வாசற்படி. கதவடைத்துக் காரில் விட்டுப்போன கிண்ணம் மாலையில் மணிக்கஞ்சியாகக் கிடக்கும். மருந்து வெகு தூரத்தில் இல்லை. பைன் பிசின் செய்யும் வேலையை மலாய்க் காடுகளின் டாமர் பிசின், அதாவது நம் குங்கிலியத்தின் உறவு, இன்னும் நன்றாகச் செய்யும். மெழுகைக் கெட்டிப்படுத்தும், இளகும் வெப்பத்தையும் ஏற்றும். மெழுகு ஓவியக்காரர்கள் தேன்மெழுகு எட்டுப் பங்குக்கு டாமர் ஒரு பங்கு என்ற கணக்கை ஒட்டியே கலக்கிறார்கள். நேரடித் தீயில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து முதலில் மெழுகை உருக்கிக்கொள்ள வேண்டும். டாமர் கரைய அதைவிட அதிகச் சூடு வேண்டும் என்பதால், பொடித்த பிசினைச் சேர்த்த பிறகு வெப்பம் கட்டுப்படுத்தக்கூடிய மின்தட்டில் மெதுவாகக் கிளற வேண்டும். சன்னலைத் திறந்து வைப்பது நல்லது.

மலேசியாவில் பலர் வீட்டுப் பின்புறத்திலேயே வளர்க்கும் கெலுலுட், நம்மூர்க் கொசுத்தேனீயின் இனம், மெழுகோடு மரப்பிசினைத் தானே கலந்துதான் கூடு கட்டுகிறது. ஐரோப்பியத் தேனீ வருவதற்கு முன்பு மெக்சிகோவில் கிடைத்த மெழுகும் இத்தகைய கொடுக்கில்லாத் தேனீக்களுடையதுதான். கெலுலுட் மெழுகு கருத்து, பிசுக்கென்று இருக்கும். கண்ணாடி மணி தெளிந்த நிறமாக இருந்தால் அடியிலுள்ள கருப்பு மேலே தெரிந்து நிறத்தைக் கெடுக்கும். ஒளி ஊடுருவாத மணிக்கு அந்தக் கவலை இல்லை. இதற்கெல்லாம் பொறுமை இல்லையென்றால் பத்திக் துணிக்காரர்களிடம் மெழுகு கட்டியாகவே கிடைக்கும். பாரஃபின் தூக்கலான கட்டியை மட்டும் வாங்க வேண்டாம். குளிரூட்டிய அறையில் விறைத்து வெடித்து, பதித்த மணியையெல்லாம் துப்பிவிடும்.