அணையின் உறுதியைக் கணினி சொல்லுமா?

சுங்கை வேயில் குழாய்நீர் நின்றுபோகும் நாளில்தான் நம்மில் பலருக்கு அணைகளின் நினைவே வருகிறது. கோலாலம்பூருக்கு மேலே, கிள்ளான் ஆற்றின் குறுக்கே 1958-இல் கட்டப்பட்ட கிள்ளான் கேட்ஸ் கான்கிரீட் அணை நிற்கிறது. அதன் கீழே தலைநகரமே இருக்கிறது. இத்தகைய அணை உறுதியாக உள்ளதா என்பதை எப்படி அறிவது? உடைத்துப் பார்க்க முடியாது. எனவே கணினிக்குள் அதே போன்றதோர் அணையை அமைத்துச் சோதிக்கின்றனர். பொறியியல் மாணவன் என்ற முறையில் இதனை எளிமையாக விளக்க விழைகிறேன்.

எடையை நம்பி நிற்கும் கான்கிரீட் அணையை மூன்று விசைகள் சோதிக்கின்றன. தேங்கிய நீர் பக்கவாட்டில் தள்ளுகிறது. அடித்தளத்தில் கசியும் நீர் அணையை மேல்நோக்கித் தூக்குகிறது. நிலநடுக்கம் வந்தால் அணை முழுவதும் குலுங்குகிறது. கான்கிரீட் அமுக்கத்தை நன்கு தாங்கும். இழுவிசையை அதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே தாங்கும். ஆகவே இழுவிசை எங்கே மிகுகிறது என்பதே முதன்மையான கேள்வி.

கணினி, அணையையும் அதன் அடிப்பாறையையும் ஆயிரக்கணக்கான சிறு கூறுகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு கூறும் அண்டைக் கூறுகளை எப்படித் தள்ளுகிறது, இழுக்கிறது என்று கணக்கிட்டு, முழு அணையின் நிலையைக் காட்டுகிறது.

இம்முறை நம்பத்தக்கதா? மகாராட்டிரத்தில் உள்ள கொய்னா அணை இதற்குச் சான்று. 1967 டிசம்பர் 11-இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில், 103 மீட்டர் உயரமுள்ள அவ்வணையின் மேற்பகுதியில், சரிவு திடீரென மாறும் இடத்தில் விரிசல் கண்டது. அணைக்குள் இருந்த கருவி பதிவு செய்த அதிர்வைக் கொண்டு பின்னர் கணக்கிட்டபோது, அதே இடத்தில்தான் இழுவிசை மிகுதியாக இருந்தது.

ஆனால், கணினிக்கு நாம் கொடுக்கும் எண்கள் சரியாக இருக்க வேண்டும். பென்னிகுயிக் 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையைப் பாருங்கள். அது சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால் ஆனது. நூறாண்டு கடந்த அக்கலவையின் வலிமை என்ன? எத்தகைய நிலநடுக்கத்தை எதிர்பார்ப்பது? கேரளத்திற்காக ரூர்க்கி இந்தியத் தொழில்நுட்பக் கழக வல்லுநர்கள் செய்த கணினி ஆய்வு, நிலநடுக்கத்தில் அணைக்கு ஆபத்து என்றது. உச்ச நீதிமன்றம் 2010-இல் அமைத்த குழுவோ, அணை பாதுகாப்பானது என 2012-இல் அறிக்கை தந்தது. 2014-இல் நீதிமன்றம் நீர்மட்டத்தை 136 அடியிலிருந்து 142 அடிக்கு உயர்த்த இசைந்தது. ஆறு அடிதானே என எண்ண வேண்டாம். நீரின் தள்ளுவிசை ஆழத்தின் இருமடிக்கேற்ப வளர்வதால், அது சுமார் 9 விழுக்காடு கூடுகிறது. ஒரு புறம் தென்மாவட்ட உழவர்களின் வாழ்வு. மறுபுறம் அணைக்குக் கீழே வாழ்வோரின் உயிர். இரண்டும் இந்த எண்களை நம்பியே உள்ளன.

ஆகவேதான் அணையைத் துளையிட்டு மாதிரி எடுப்பதும், கசிவை நாள்தோறும் அளப்பதும் கணினியைப் போலவே இன்றியமையாதவை. நம் நாட்டிலும் 2007-இன் இறுதியில் புக்கிட் திங்கியில் சிறு நில அதிர்வுகள் பதிவாயின. நிலநடுக்கம் நமக்கில்லை என்று இனி ஒதுக்கிவிட இயலாது. நண்பர்களே, கணினித் திரையில் தெரியும் வண்ணப்படத்தைக் கண்டு வியக்குமுன், அதற்குள் கொடுத்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று கேட்கப் பழகுவோம்!