மூடியை மறந்த பிள்ளைகள்

பாடசாலைகள் பிள்ளைகளை நெடுநேரம் அடைத்து வைக்கின்றன என்பது மரி கியூரி அம்மையாரின் மனக்குறை. 1907ஆம் ஆண்டளவில் பாரிசில் அவரும் பேராசிரிய நண்பர்களும் கூடி, ஏறக்குறையப் பத்துப் பிள்ளைகளுக்குத் தாமே கற்பித்தனர். நாளுக்கு ஒரு பாடந்தான். பெரன் இரசாயனம், லான்ஜவன் கணிதம், அம்மையார் பௌதிகம். ஒரு சிற்பி களிமண் வேலை பழக்கினார்.

பாத்திரத்திலுள்ள திரவம் சூடு ஆறாதிருக்க வழி என்னவென்று ஒருநாள் அம்மையார் கேட்டார். கம்பளி சுற்றலாம் என்றெல்லாம் கெட்டிக்காரர்கள் சொன்னார்கள். தாமென்றால் முதலில் மூடியைப் போடுவதாகச் சொன்னார் அவர்! (நமது அடுப்படித் தாய்மாருக்கு இது புதிதல்ல.)

இரண்டு ஆண்டளவில், நேரமின்மையால் முயற்சி நின்றது. மகள் ஐரீன் பாடசாலை சென்றார். பேராசிரியர்களுக்கே இந்நிலையென்றால், விடியுமுன் வள்ளமேறும் தகப்பனிடம் முழுப்பொறுப்பையும் சுமத்த முடியாது. ஆனால் வலை பின்னத் தெரிந்தவரும் சீட்டுக் கணக்கு வைக்கும் அம்மாவும் கிழமைக்கு ஒரு மாலை ஒதுக்கலாமே.