தேக்கு எழுதிய மழைக் கணக்கு

கொங்கு நாட்டுக் குடியானவனுக்கு மழையே உயிர். ஆயினும் முந்நூறு வருஷங்களுக்கு முன் எந்தெந்த வருஷம் மழை பொய்த்தது என்று வினவினால், மழைமானி வைத்தெழுதிய கணக்கு நம்மிடம் இல்லை. அக்கணக்கைத் தன் உடலில் எழுதி வைத்திருப்பது காட்டுத் தேக்கு.

தேக்கு வறண்ட காலத்தில் இலையுதிர்த்து வளர்ச்சியை நிறுத்திக்கொள்கிறது. மழை தொடங்கியதும் பெருந்துளைகளுள்ள புதுக் கட்டை உண்டாகிறது. பருவம் முடியுந் தறுவாயில் துளைகள் சிறுக்கின்றன. வருஷத்துக்கு ஒரு வளையம். மழை செழித்தால் அது அகலும்; பொய்த்தால் ஒடுங்கும்.

புனேயிலுள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிலையத்தார், கேரளத் தேக்குகள் பலவற்றை ஒத்துப் பார்த்து, 1481 முதல் 2003 வரை 523 வருஷ வளையக் கணக்கை 2010-ல் வெளியிட்டனர். குறுகிய வளையங்கள் பல, பசிபிக் சமுத்திரம் சூடேறும் எல் நினோவோடும் பருவமழைக் குறைவோடும் பொருந்தின.

இத்தகைய தேக்கை, சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2022-ல் அழியும் அபாயத்திலுள்ள இனமென மதிப்பிட்டது. தோட்டத் தேக்கு ஏராளமாயிருக்கிறதே என்பாருண்டு. அறுபது வருஷத்து மரம் ஐந்நூறு வருஷத்துக்குச் சாட்சி சொல்லுமா?

ஆனைமலையில் காற்றில் சாயும் ஒவ்வொரு முதிய தேக்கும் மக்கி மண்ணாகுமுன், அதிலிருந்து ஒரு வட்டு அறுத்து, இடமும் தேதியும் குறித்து, கோயமுத்தூர் ஆர்.எஸ்.புரத்தில் 1902-ல் தொடங்கப்பெற்ற காஸ் வனக் காட்சிசாலையில் சேமிக்க வேண்டுமென்கிறோம். நிற்கும் மரத்தை வெட்ட வேண்டுவதில்லை. துளையிட்டு, பென்சில் பருமனில் ஒரு துண்டெடுத்தாலே போதும். செலவோ சொற்பம். மக்கிய கணக்கை மீண்டும் எழுத எவராலும் இயலாது.