வெண்பனியில் நின்ற பேராசிரியர்கள்

நூலகத்திலும் விரிவுரை மண்டபத்திலும் காலங்கழிப்பவரே சர்வகலாசாலை ஆசிரியர் என்பது உலகோர் எண்ணம். வேலைநிறுத்தம் செய்வது துறைமுகத் தொழிலாளிக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் உரிய காரியம். மெய்யியலும் கணிதமும் போதிப்போருக்கு அஃது அழகன்று எனக் கருதுவோர் இன்றும் உளர். ஆயினும், 2018ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 22ஆந் திகதி பிரித்தானியாவின் பல சர்வகலாசாலைகளில் ஆசிரியரும் நூலகத்தாரும் நிருவாக உத்தியோகத்தரும் வேலையை நிறுத்தி வாயில்களிற் கூடினர். ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், எடின்பரோ, கார்டிவ் முதலிய பழம்பெருங் கலாபீடங்களும் அவற்றுள் அடங்கும். சில தினங்களுள் கிழக்கிலிருந்து வீசிய கடுங்குளிர்க் காற்று நாடு முழுவதையும் வெண்பனியால் மூடிற்று. அப்பொழுதும் அவர்கள் கலைந்தாரல்லர். நான்கு வாரங்களுள் 14 நாட்கள் சம்பளமின்றி நின்றனர்.

அவர்கள் கேட்டது சம்பள உயர்வன்று. முதுமைக்கென வாக்களிக்கப்பட்ட ஓய்வூதியம் பறிபோகலாகாது என்பதே அவர்தம் கோரிக்கை.

வாக்களித்தது யாது?

பிரித்தானியச் சர்வகலாசாலைகளுட் பழையனவற்றின் ஊழியர்க்காக 1974இல் ஏற்பட்டது யு.எஸ்.எஸ். எனப்படும் ஓய்வூதிய நிதி. 2018இல் அதன் விதி இது: ஊழியர் ஒருவர் வேலை செய்யும் ஒவ்வோர் ஆண்டுக்கும், அவ்வாண்டுச் சம்பளத்தின் 75இல் ஒரு பங்கு, இளைப்பாறிய பின் ஆண்டுதோறும் கிடைக்கும் ஓய்வூதியமாகச் சேரும். 37,500 பவுண் சம்பளம் பெறுபவருக்கு ஓராண்டு உழைப்பினால் 500 பவுண் சேரும். முப்பது ஆண்டு உழைத்தால், விலைவாசிக்கென வழங்கும் உயர்வு நீங்கலாக, 15,000 பவுண். உயிருள்ளவரை இது வந்துகொண்டிருக்கும்.

2017இன் பிற்பகுதியில், சர்வகலாசாலை நிருவாகங்களின் சார்பிற் பேசும் 'யுனிவேர்சிட்டீஸ் யூ.கே.' என்னும் அமைப்பு, இவ்விதியை இனிமேல் அடியோடு கைவிடலாம் என்றது. ஒவ்வொருவர் பெயரிலும் பணஞ் சேர்த்து முதலீடு செய்வது. இளைப்பாறும் வேளையிற் சந்தை எதைத் தருகின்றதோ அதைப் பெற்றுக்கொள்வது என்பதே புதிய யோசனை. நம் நாட்டு அரசாங்க உத்தியோகத்தரின் பென்சனுக்கும், தனியார் கம்பனி ஊழியரின் சேமலாப நிதிக்கும் உள்ள வேறுபாட்டை அறிந்த குடும்பத்தினருக்கு இது எளிதில் விளங்கும். முன்னது ஆயுள் முழுதும் வரும். பின்னது சேர்ந்த அளவே. போதாது போனால் அது முதியவரின் பாடு.

சாதாரண விரிவுரையாளர் ஒருவர் இதனால் ஆண்டொன்றுக்குச் சுமார் 10,000 பவுண் இழப்பார் என ஊழியர் சங்கத்திற்காகக் கணித்தவர்கள் கூறினர். எதிர்த்தரப்பினர் அக்கணக்கை ஏற்கவில்லை. சங்கம் நடத்திய வாக்கெடுப்பில் வாக்களித்தோருள் நூற்றுக்கு 88 பேர் வேலைநிறுத்தத்தை ஆதரித்தனர்.

நூறு ரூபா கணக்கு

நிருவாகத்தாரைப் பேராசைக்காரர் எனத் தூற்றுவது எளிது. ஆனால் அவர்களிடமும் ஒரு நியாயம் இருந்தது. நிதியிற் பல நூறு கோடி பவுண் குறைவதாகக் கணக்கு காட்டிற்று. சட்டப்படி அதனை நிரப்பவேண்டும். நிரப்பும் பணம் போதனைக்கும் ஆராய்ச்சிக்கும் உரிய பணமே என்றனர்.

அக்கணக்கு எங்ஙனம் எழுதப்படுகின்றது என்பதிலேதான் விஷயம் இருக்கின்றது. முப்பது ஆண்டு கழித்து நூறு ரூபா கொடுப்பதாக ஒருவருக்கு வாக்களித்தால், இன்று எவ்வளவு எடுத்துவைக்க வேண்டும்? ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வட்டி கிடைக்கும் எனக் கொண்டால் 23 ரூபா போதும். நூற்றுக்கு 2 மட்டுமே கிடைக்கும் என அஞ்சினால் 55 ரூபா வேண்டும். கொடுக்கவேண்டிய நூறு ரூபாவில் மாற்றமில்லை. வட்டி பற்றிய எண்ணமே மாறிற்று. கையில் 40 ரூபா வைத்திருப்பவன் முதற் கணக்கிற் செல்வன். இரண்டாங் கணக்கிற் கடனாளி!

கணித அறிஞரும் பொருளியல் வல்லுநரும் அக்கணக்கைப் புரட்டிப் பார்த்து, அச்சம் அளவு மீறியது என வாதிட்டனர். தம்முடைய கல்வியே அவர்களுக்கு ஆயுதமாயிற்று.

ஒக்ஸ்போர்ட்டில் நடந்தது

மார்ச் 6ஆந் திகதி ஒக்ஸ்போர்ட் ஆசிரியர் பேரவை கூடியது. சர்வகலாசாலை தன் நிலைப்பாட்டை மாற்றவேண்டும் என்ற பிரேரணையை, விதியொன்றைக் காட்டிச் சிலர் எழுந்துநின்று தடுத்தனர். மற்றையோர் வீடு திரும்பினாரல்லர். வேறாகக் கூடித் தாமே வாக்கெடுத்தனர். ஆதரவு 442, எதிர்ப்பு 2. மறுநாளே உபவேந்தர் தம் நிலைப்பாட்டை மாற்றிக்கொண்டார்.

மார்ச் 12இல் ஏற்பட்ட சமரசத்தை மறுநாளே சங்கக் கிளைகள் நிராகரித்தன. பின்னர், இருதரப்பும் நியமிக்கும் நிபுணர் குழு கணக்கை ஆராயட்டும் என்ற யோசனையை, ஏப்ரல் மாதம் வாக்களித்தோருள் நூற்றுக்கு 64 பேர் ஏற்றனர். பழைய முறை அப்போதைக்குப் பிழைத்தது.

ஆயினும் கதை முடியவில்லை. பெருந்தொற்று சந்தைகளைக் கலக்கிய 2020 மார்ச் மாத முடிவில் எடுத்த கணக்கு 1,410 கோடி பவுண் பற்றாக்குறை காட்டிற்று. அதை வைத்து 2022 ஏப்ரலில் ஓய்வூதியம் குறைக்கப்பட்டது. 75இல் ஒரு பங்கு 85இல் ஒரு பங்காயிற்று. முன்னர் நாம் கண்டவருக்கு ஆண்டுக்கு 500 பவுண் சேர்ந்த இடத்தில் 441 பவுணே சேர்ந்தது. மீண்டும் மீண்டும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன. பெருங்கட்டணஞ் செலுத்திய மாணவர் பாடங்களை இழந்தனர். ஆசிரியர் சம்பளத்தை இழந்தனர்.

அப்பால் வட்டி வீதம் உயர்ந்தது. 2023 மார்ச் முடிவிற் பார்த்தபோது அதே நிதியில் 740 கோடி பவுண் மிகுதி! 2024 ஏப்ரல் முதல் பழைய விகிதம் மீண்டும் அமுலுக்கு வந்தது. ஊழியர் செலுத்தும் பங்கும் சம்பளத்தில் நூற்றுக்கு 9.8இலிருந்து 6.1ஆகக் குறைந்தது.

இவ்வெற்றியை வேலைநிறுத்தமே தந்தது என்பது மிகையாகும். வட்டி வீதம் உயர்ந்தமையே பெருங்காரணம். ஆனால் 2018இல் அம்முறை ஒழிந்திருக்குமாயின், 2024இல் மீட்டுக் கொடுப்பதற்கு யாது எஞ்சியிருக்கும்? பஞ்சகாலத்தில் விதைநெல்லை உண்டுவிட்டவனுக்கு, பின்னர் பெய்யும் நன்மழையால் ஆவதென்ன? பனியில் நின்றவர்கள் காத்தது அவ்விதைநெல்லையே.

ஓய்வூதியம் தருமமன்று, உழைத்த காலத்திற் பெறாது விட்டுவைத்த ஊதியம். இந்த மாதச் சம்பளத்திற் சதம் குறைந்தாலும் நாம் கேள்வி கேட்கின்றோம். முப்பது ஆண்டுக்குப் பின் வரவேண்டியதன் கணக்கை எழுதுபவர் யார், எவ்வட்டியை நம்பி எழுதுகின்றார் எனக் கேட்பவரோ மிகச் சிலர். அக்கேள்வியை இளமையிலேயே கேட்டுவைப்பது ஒவ்வொரு குடும்பத்திற்கும் நன்று.