சின்ன ஓவனில் பெரிய அடுக்கு கேக் வேகுமா?

இட்லி மாவு முழுவதையும் ஒரே குண்டானில் ஊற்றி அவித்தால் ஓரம் வெந்துவிடும். நடுவில் மாவு மாவாகவே இருக்கும். கேக்கும் அப்படித்தான்.

வெப்பம் டின்னின் விளிம்பிலிருந்து உள்ளே நகர்கிறது. காற்றுக்குமிழி நிறைந்த மாவு அதை மெதுவாகத்தான் கடத்தும். தூரம் இரட்டித்தால் நேரம் ஏறக்குறைய 4 மடங்கு! அதற்குள் ஓரம் இறுகிவிட, நடுப்பகுதி மட்டும் உப்பி வெடிக்கிறது. சிறிய ஓவனில் சூட்டுக்கம்பிகள் வேறு மிக அருகில்.

ஆகவே ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியே, 180 டிகிரிக்குப் பதில் 160 டிகிரி செல்சியசில் வேகிறது. டின்னைச் சுற்றி ஈரத்துணி கட்டுவது நல்ல தந்திரம்: துணியில் ஈரம் உள்ளவரை விளிம்பின் சூடு 100 டிகிரியை ஒட்டியே நிற்கும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே ஆவியாதலால்தான்.

அடுக்கியபின் மேலுள்ள எடையைத் தாங்குவது கேக் அல்ல. கீழடுக்கில் செருகிய குச்சிகளும் அவற்றின்மேல் அமரும் அட்டையுமே.