அம்பாஸடரில் பிரேக் சரியாகப் பிடிக்கவில்லையா? டிஸ்க்குக்கு மாறும் முன் டிரம்மைத் திறந்து பாருங்கள்!

மேற்கு வங்கத்தின் உத்தர்பாரா தொழிற்சாலையில் அம்பாஸடர் உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டது. ஆனால், தாத்தா வாங்கிய வண்டியை விற்க மனமில்லாமல் துடைத்துப் பளபளவென வைத்திருக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பெயின்ட் புதுசு, சீட் கவர் புதுசு, சில வண்டிகளில் ஏ.சி-கூட உண்டு. பிரேக்? 'ரெண்டு தடவை மிதிச்சா நிக்கும்' என்பதுதான் பல வீடுகளில் பதில்.

உண்மையில், அந்த இரண்டாவது மிதிதான் எச்சரிக்கை மணி!

டிரம் பிரேக் அவ்வளவு மோசமா?

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு சீரிஸ் 3 காரிலிருந்து பிறந்தது அம்பாஸடர். பழைய மாடல்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்தான். பெடலை மிதித்தால், வீல் சிலிண்டர்கள் பிரேக் ஷூக்களை விரித்து, சுழலும் டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். அப்போது சுழற்சியே ஷூவை இழுத்து இன்னும் இறுக்கமாக ஒட்டவைக்கும். எனவே, நல்ல நிலையில் இருக்கும் டிரம்முக்குப் பிடிமானத்தில் குறைவில்லை. அதன் எதிரிகள் இரண்டு: பராமரிப்பின்மை, சூடு.

பெடலே சொல்லிவிடும்!

* முதல் மிதியில் கீழே போய், இரண்டாவது மிதியில் மேலே வந்தால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகம். அட்ஜஸ்ட் செய்ய வேண்டும்.
* பஞ்சு போல அமுங்கினால், லைனில் காற்று புகுந்திருக்கலாம். ஏர் எடுக்க வேண்டும்.
* அழுத்திப் பிடிக்கும்போது மெள்ள மெள்ளக் கீழே இறங்கினால், எங்கோ லீக், அல்லது மாஸ்டர் சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. வண்டியை எடுக்கவே கூடாது. பழைய மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். ஓர் இடத்தில் ஒழுகினாலும் மொத்த பிரேக்கும் போய்விடும்.
* வண்டி ஒரு பக்கமாக இழுத்தால், அந்தப் பக்கம் மட்டும் பிரேக் பிடிக்கிறது என்று அர்த்தம். எதிர்ப்பக்க லைனிங்கில் எண்ணெய் பட்டிருக்கலாம், வீல் சிலிண்டர் இறுகியிருக்கலாம்.

என்ன செய்யலாம்?

முதலில் அட்ஜஸ்ட்மென்ட். சக்கரத்தைத் தூக்கி, சுற்ற முடியாத அளவுக்கு அட்ஜஸ்டரை இறுக்கி, பிறகு தடையின்றிச் சுற்றும் வரை தளர்த்த வேண்டும். பின் சக்கரங்களுக்கு ஹேண்ட் பிரேக்கை விடுவித்துவிட்டுச் செய்வது முக்கியம்.

அடுத்து டிரம். மிதிக்கும்போது பெடல் துடித்தால், டிரம் வட்டம் மாறியிருக்கிறது. லேத்தில் கடையலாம். ஆனால், அனுமதித்த அளவைத் தாண்டிக் கடைந்தால் டிரம் மெலிந்து, சீக்கிரம் சூடாகும். கடைந்த டிரம்முக்கு ஏற்ற வளைவில் ஷூ லைனிங்கும் இருக்க வேண்டும். இல்லையென்றால் ஷூவின் ஒரு பகுதி மட்டும்தான் உரசும். எண்ணெய் குடித்த லைனிங்கைப் பெட்ரோலில் கழுவிப் பயன்படுத்த வேண்டாம். சீலை மாற்றிவிட்டு, லைனிங்கையும் மாற்றுவதே சரி.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். அந்தத் தூசியை ஊதவோ, ஏர் அடிக்கவோ கூடாது. ஈரத்துணியால் துடைப்பதே பாதுகாப்பு.

பிரேக் ஆயிலையும் மறக்காதீர்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 ஆயில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் அந்த அளவு 140 டிகிரிக்கு இறங்கிவிடலாம்.

மலையில்தான் பரீட்சை

ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி சாலையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். அங்கே பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கினால், சூட்டில் டிரம் விரிந்து ஷூவைவிட்டு விலகும், லைனிங்கின் பிடிமானம் குறையும், ஆயில் கொதித்தால் பெடல் தரையைத் தொடும். புது ஷூ போட்டாலும் இந்தக் குணம் மாறாது. இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாறி, இன்ஜினை வேகம் தடுக்கவிடுவதே வழி. நியூட்ரலில் இறங்கவே கூடாது.

சர்வோ பூஸ்டர் போட்டால் போதுமா? அது காலின் பாரத்தைத்தான் குறைக்கும், டிரம்மின் சூட்டை அல்ல. அடிக்கடி மலைப்பாதையில் போகிறவர்கள் முன் சக்கரங்களுக்கு டிஸ்க் போடுவது நல்ல தீர்வு. ஆனால், அதற்கேற்ற மாஸ்டர் சிலிண்டரும் வேண்டும். டிரம்முக்கான சிலிண்டரையே வைத்தால், பிரேக் விடாமல் பிடித்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்ததும் காலியான சாலையில் மெதுவாக ஓட்டி, நிறுத்திப் பாருங்கள். நேராக நிற்கிறதா, ஒரு சக்கரம் மட்டும் அதிகம் சூடாகிறதா என்று கவனியுங்கள். ஓடாத வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வீடு சேர்க்கலாம். நிற்காத வண்டியை என்ன செய்ய முடியும்?